‘சரி அண்ணாச்சி’ என்று சொல்வதற்கு முன்: வாழை விலைப்பேச்சு எப்போது ஒப்பந்தமாகிறது?

தாமிரபரணியின் கடைசி அணையான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் இருந்து பிரியும் வடகால், தென்கால் பாசனத்தில் நெல்லும் வாழையும் முக்கியப் பயிர்கள். நெல்லுக்கு ஆதரவு விலையும் நேரடி நெல் கொள்முதல் நிலையமும் உண்டு. ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, ஏரல் பகுதியில் விளையும் வாழைக்கு அந்த ஏற்பாடு இல்லை. வியாபாரி வயலுக்கு வந்து பேசும் பேச்சிலோ, போனில் பேசும் பேச்சிலோதான் அதன் விலை முடிவாகிறது.

வியாபாரி தாரைப் பார்த்துவிட்டு, “கிலோ 25 ரூபாய் போடலாம் அண்ணாச்சி” என்கிறார். விவசாயி, “பாப்போம், வீட்ல கேட்டுச் சொல்லுதேன்” என்கிறார். இரண்டு நாளில் சந்தை நிலவரம் மாறுகிறது. விலை ஏறினால் விவசாயிக்கு மனம் மாறுகிறது. விலை இறங்கினால் வியாபாரி போனை எடுப்பதில்லை. “பேசி முடிச்சாச்சே” என்கிறார் ஒருவர். “எங்க முடிச்சோம்? பேசிக்கிட்டுதான இருந்தோம்” என்கிறார் மற்றவர். நெல்லை இருப்பு வைக்கலாம். பருவம் வந்த வாழைத்தாரை மரத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது. அதனால் இந்தத் தகராறில் பெரும்பாலும் நட்டப்படுபவர் விவசாயிதான்.

பேச்சு எந்தக் கணத்தில் ஒப்பந்தமாகிறது என்பதற்குச் சட்டத்தில் தெளிவான விடை உண்டு. அந்தக் கணத்துக்கு முன்பு யாரும் விலகலாம்; அதற்குப் பிறகு யாரும் தன்னிச்சையாக விலக முடியாது. இந்த எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால், உரம் வைக்கும் நாளைக் கணக்கிடுவதுபோல விலைப்பேச்சையும் கணக்காக நடத்தலாம்.

முன்மொழிவு, ஏற்பு, திரும்பப் பெறுதல்

நம் நாட்டில் ஒப்பந்தங்களுக்கு அடிப்படை 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். 150 ஆண்டுகளுக்கு மேலாகியும் அதுவே நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒருவர் ‘இன்ன பொருளை, இன்ன விலைக்குத் தருகிறேன்’ அல்லது ‘வாங்கிக்கொள்கிறேன்’ என்று மற்றவரின் சம்மதத்தை எதிர்பார்த்துச் சொல்வது முன்மொழிவு. கேட்டவர் அதற்குச் சம்மதம் தெரிவிப்பது ஏற்பு. இரண்டும் சேர்ந்து, இரு பக்கமும் கைம்மாறு இருந்தால், அதாவது ஒருவர் பொருளும் மற்றவர் பணமும் தருவதாக இருந்தால், ஒப்பந்தம் உருவாகிறது. பொருள் விற்பனைக்கு முத்திரைத்தாளோ எழுத்தோ கட்டாயம் இல்லை, வாய்ப்பேச்சும் செல்லும். ஆனால் வழக்கு என்று வந்தால் வாய்ப்பேச்சை நிரூபிப்பதுதான் பெரும்பாடு.

விலை சொல்வதெல்லாம் முன்மொழிவு ஆகிவிடாது. கமிஷன் மண்டிக்காரர் வாட்ஸ்அப் குழுவில் ‘இன்று ஏத்தன் கிலோ 28, நாடு 22’ என்று போடுவது நிலவரம் மட்டுமே. அதை நம்பி லாரியில் ஏற்றிக்கொண்டு போய், ‘28 ரூபாய் தந்தே ஆகவேண்டும்’ என்று கேட்க முடியாது. ‘இன்னாரின் 300 தாரை, கிலோ 28 ரூபாய்க்கு, வெள்ளிக்கிழமை எடுத்துக்கொள்கிறேன்’ என்று உங்களிடம் சொன்னால் அது முன்மொழிவு. பொருள், அளவு, விலை, நாள் நான்கும் தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இரண்டு ரூபாய் கூடக் கேட்டால் என்ன ஆகும்?

விவசாயிகள் அதிகம் அறியாத இடம் இதுதான். ஏற்பு என்பது முழுமையானதாக, நிபந்தனை இல்லாததாக இருக்கவேண்டும் என்கிறது சட்டத்தின் 7-ஆம் பிரிவு. வியாபாரி 25 ரூபாய் என்கிறார். நீங்கள் ‘27 தந்தால் வெட்டுங்கள்’ என்கிறீர்கள். அது ஏற்பு அல்ல, புதிய எதிர்முன்மொழிவு. அதைச் சொன்னதும் வியாபாரியின் 25 ரூபாய் முன்மொழிவு முடிந்துபோகிறது. அவர் பதில் சொல்லாமல் போய்விட்டார். மறுநாள் நீங்களே, ‘சரி, 25-க்கே எடுத்துக்கோங்க’ என்று போன் செய்தால், முன்பு அவர் சொன்னதை நீங்கள் ஏற்றதாக ஆகாது. இப்போது முன்மொழிபவர் நீங்கள். ஏற்பதும் மறுப்பதும் அவர் விருப்பம்.

இதற்கு இங்கிலாந்தில் 1840-இல் தீர்ப்பான ஒரு பண்ணை வழக்கு இன்றும் சட்ட மாணவர்களுக்குப் பாடம். ரெஞ்ச் என்பவர் தன் பண்ணையை 1,000 பவுண்டுக்குத் தருவதாக ஹைட் என்பவரிடம் சொன்னார். ஹைட் 950 பவுண்டுக்குக் கேட்டார். ரெஞ்ச் மறுத்துவிட்டார். பிறகு ஹைட், ‘1,000-க்கே வாங்கிக்கொள்கிறேன்’ என்றார். ஒப்பந்தம் எதுவும் உருவாகவில்லை என்று நீதிமன்றம் கூறியது.

விசாரிப்பது வேறு, பேரம் பேசுவது வேறு. ‘முன்பணம் என்றைக்குத் தருவீர்கள்?’, ‘வெட்டுக்கூலி யார் பொறுப்பு?’ என்று விளக்கம் கேட்டால் வந்த விலை உயிரோடுதான் இருக்கும். ஆகவே கையில் இருக்கும் விலை உங்களுக்குக் கட்டுப்படியாகும் என்றால், முதலில் விளக்கங்களைக் கேளுங்கள். கூடுதல் விலை கேட்பது, இந்த விலை போனாலும் பரவாயில்லை என்ற நிலையில் மட்டும் இருக்கட்டும்.

பேசாமல் இருந்தால் சம்மதமா?

‘ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு திங்கள்கிழமை ஆள் அனுப்புவேன்’ என்று வியாபாரி செய்தி அனுப்புகிறார். நீங்கள் பதில் போடவில்லை. இது ஒப்பந்தமா? இல்லை. மௌனம் சம்மதம் என்பது ஊர்ப் பேச்சு. ஒப்பந்தத்தில் மௌனம் மட்டும் சம்மதம் ஆகாது.

இங்கிலாந்தில் 1862-இல் தீர்ப்பான குதிரை வழக்கு இதற்கு முன்மாதிரி. மாமா ஒருவர் தன் மருமகனின் குதிரையை விலைக்குக் கேட்டு, ‘இனி பதில் வராவிட்டால் குதிரை என்னுடையது என்று எடுத்துக்கொள்கிறேன்’ என்று எழுதினார். மருமகனுக்கும் விற்க மனம்தான். ஆனால் பதில் எழுதவில்லை. இதற்கிடையில் ஏலக்காரர் தவறுதலாகக் குதிரையை வேறொருவருக்கு விற்றுவிட்டார். மாமா வழக்குப் போட்டார். மனதுக்குள் இருந்த சம்மதம் மாமாவுக்குத் தெரிவிக்கப்படாததால் குதிரை அவருடையது ஆகவில்லை என்று தீர்ப்பு வந்தது.

ஆனால் செயல் மௌனம் ஆகாது. திங்கள்கிழமை வந்த ஆட்களைத் தடுக்காமல், நின்று வெட்டிக் கொடுத்து எடையும் போட்டால், வாயால் சொல்லாவிட்டாலும் நீங்கள் ஏற்றதாகவே ஆகும். ‘நாளைக் காலை 50 தார் மண்டிக்குக் கொண்டுவாருங்கள், இன்ன விலை தருகிறேன்’ என்று ஒருவர் உங்களிடம் சொல்லி, அதன்படி நீங்கள் கொண்டுபோய் இறக்கினாலும் அப்படித்தான். சொன்னதைச் செய்து முடிப்பதே ஏற்பு என்கிறது 8-ஆம் பிரிவு.

விலகிக்கொள்வது எதுவரை?

முன்மொழிந்தவர், ஏற்பு அவரைக் கட்டுப்படுத்தும் நிலைக்கு வரும்வரை, முன்மொழிவைத் திரும்பப் பெறலாம். இது 5-ஆம் பிரிவு. ‘இரண்டு நாள் இந்த விலை மாறாது’ என்று வியாபாரி வாக்குக் கொடுத்திருந்தாலும், அந்த வாக்குக்குக் கைம்மாறாக நீங்கள் எதுவும் தராதவரை, நீங்கள் சம்மதம் சொல்வதற்குள் அவர் விலகிக்கொள்ளலாம். நீங்கள் கொடுக்கும் ‘வெள்ளிவரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன்’ என்ற வாக்கும் அப்படித்தான். ஆனால் அந்தக் காத்திருப்புக்காக ஒரு தொகையை வாங்கிக்கொண்டால் வாக்கு உங்களைக் கட்டும்.

முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. திரும்பப் பெறுவதை மனதுக்குள் முடிவு செய்தால் போதாது. எதிர்த்தரப்புக்கு அது தெரியவேண்டும். 1879 அக்டோபர் 1-ஆம் தேதி கார்டிஃப் நகர வியாபாரி ஒருவர் நியூயார்க்கில் இருந்த வியாபாரிக்குத் தகரத் தகடு விற்பதாகக் கடிதம் போட்டார். 8-ஆம் தேதி மனம் மாறி, அதைத் திரும்பப் பெறுவதாக மறு கடிதம் போட்டார். முதல் கடிதம் 11-ஆம் தேதி நியூயார்க் சேர, அன்றே சம்மதம் என்று தந்தி வந்துவிட்டது. திரும்பப் பெறும் கடிதம் 20-ஆம் தேதிதான் போய்ச் சேர்ந்தது. ஏற்பு முந்திக்கொண்டதால் ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்று 1880-இல் தீர்ப்பானது. நம் சட்டத்தின் 4-ஆம் பிரிவும் இதே விடையைத்தான் தருகிறது.

இதை வாழைக்குப் பொருத்திப் பாருங்கள். காலையில் ஒரு வியாபாரிக்கு ‘25 ரூபாய்க்குத் தருகிறேன்’ என்று செய்தி அனுப்புகிறீர்கள். மதியம் வேறொருவர் 28 தருகிறேன் என்கிறார். இரண்டாமவரிடம் சம்மதம் சொல்வதற்கு முன்பே முதலாமவருக்கு, ‘காலையில் சொன்ன விலையைத் திரும்பப் பெறுகிறேன்’ என்று தெரிவித்துவிடுங்கள். அதற்குள் முதலாமவர் ‘சம்மதம்’ என்று பதில் போட்டிருந்தால் நீங்கள் அவருக்குக் கட்டுப்பட்டவர். ஒரே தாரை இருவருக்கு விற்ற சிக்கல் இப்படித்தான் பிறக்கிறது.

ஏற்றவர் தன் ஏற்பைத் திரும்பப் பெறவும் வழி உண்டு. ஏற்புக் கடிதம் முன்மொழிந்தவர் கைக்குப் போய்ச் சேருவதற்குள் மறுப்புப் போய்ச் சேரவேண்டும். நேரிலும் போனிலும் சொல்வதும் கேட்பதும் ஒரே கணம் என்பதால் அந்த இடைவெளியே கிடையாது. வாட்ஸ்அப்பில் ‘சரி’ என்று அனுப்பும்போதும் அனுப்பிய கணமே கட்டுப்பட்டதாக எண்ணி நடந்துகொள்வதே பாதுகாப்பு.

கெடு வைத்த முன்மொழிவு, கெடு முடிந்ததும் தானாக முடிந்துவிடும். கெடு சொல்லாவிட்டால் நியாயமான காலம் வரை நிற்கும். அழுகும் பொருளுக்கு அந்த நியாயமான காலம் குறைவாகத்தான் இருக்கமுடியும். ஆனால் எத்தனை நாள் என்ற விவாதத்துக்கே இடம் தராமல், நாளும் மணியும் சொல்லிவிடுவது நல்லது.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து ஏலத்தில் கணக்கு வேறு. 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவின்படி, ஏலம் கேட்பவர் சொல்லும் விலை ஒவ்வொன்றும் ஒரு முன்மொழிவு. ஏலம் முடிந்ததாக அறிவிக்கும்வரை அவர் அதைத் திரும்பப் பெறலாம். விற்பனைக்கூடத்திலும் இ-நாம் மின்னணு ஏலத்திலும், வந்த விலை கட்டுப்படியாகாவிட்டால் விற்க மறுக்கும் உரிமை விவசாயிக்கு உண்டு.

போன் பேச்சு: ஒப்பந்தம் எந்த ஊரில் பிறக்கிறது?

நம் பகுதி வாழை கேரளத்துக்கும் போகிறது. அங்குள்ள வியாபாரி பணம் தராவிட்டால் எந்த ஊர் நீதிமன்றத்துக்குப் போவது? இதற்கு விடை தந்தது ஒரு மாட்டுத்தீவன வழக்கு. 1959-இல் அகமதாபாத்தில் இருந்த நிறுவனமும் மகாராஷ்டிரத்தின் காம்காவ்ன் ஊர் எண்ணெய் ஆலையும் தொலைபேசியில் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு விற்பனை பேசின. சரக்கு வராததால் அகமதாபாத் நிறுவனம் தன் ஊரிலேயே நட்டஈட்டு வழக்குத் தொடுத்தது. ஆலையோ, ‘நாங்கள் சம்மதம் சொன்னது காம்காவ்னில், எனவே வழக்கு அங்கேதான்’ என்றது. உச்ச நீதிமன்றம் 1965-இல், தொலைபேசியில் பேசும்போது சம்மதம் எந்த ஊரில் கேட்கப்படுகிறதோ அங்கேதான் ஒப்பந்தம் உருவாகிறது என்று பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. வழக்கு அகமதாபாத்தில் நடக்கலாம் என்றானது.

இதில் நமக்கு ஒரு நுட்பம் உண்டு. ஆழ்வார்திருநகரியில் இருந்து நீங்கள் விலை சொல்லி, கேரள வியாபாரி ‘சம்மதம்’ என்றால், அதைக் கேட்ட இடம் ஆழ்வார்திருநகரி. ஒப்பந்தம் பிறந்த இடமும் இதுவே. அவர் விலை சொல்லி நீங்கள் ‘சம்மதம்’ என்றால் ஒப்பந்தம் அவர் ஊரில் பிறக்கிறது. எனவே வெளிமாநில வியாபாரத்தில் கடைசி விலையை நீங்கள் சொல்லி, சம்மதத்தை அவர் வாயால் வரவழைப்பது நல்லது.

செல்போன் செய்தியிலும் ஒப்பந்தம் உருவாகலாம். மின்னணு வழியில் உருவானது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாது என்று சொல்ல முடியாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு. 2009 முதல் இது நடைமுறையில் உள்ளது. எனவே பேச்சு முடிந்த செய்திகளை அழிக்காதீர்கள். அந்த போனையும் பத்திரமாக வைத்திருங்கள்.

முன்பணம் வாங்கும்போது

முன்பணம் கைமாறுவது ஒப்பந்தம் உருவானதற்கு நல்ல சான்று. ஆனால் எதற்காகத் தரப்பட்டது என்று எழுதாத முன்பணம் பின்னால் தகராறு ஆகிறது. விற்பனைக்கான முன்பணமா, சில நாள் தாரை ஒதுக்கி வைப்பதற்கான தொகையா, வியாபாரி வராவிட்டால் அது என்ன ஆகும், வெட்ட வேண்டிய கடைசி நாள் எது என்பதை ரசீதில் எழுதுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளம் இந்த வட்டாரத்து வயல்களை மூழ்கடித்ததை யாரும் மறந்திருக்க முடியாது. குறிப்பிட்ட தோட்டத்துத் தாரை விற்கப் பேசி முடித்தபின், வெட்டுவதற்குள் வெள்ளத்தில் அது அழிந்துபோனால், விற்றவர் மீது தவறு இல்லாதவரை பொதுவாக அந்த ஒப்பந்தம் செல்லாததாகிவிடும். சரக்குத் தரவில்லை என்று விவசாயியிடம் நட்டஈடு கேட்க முடியாது. ஆனால் வாங்கிய முன்பணத்தைத் திருப்ப வேண்டிவரும். குறித்த நாளுக்குப் பிறகு தோட்டத்துக்கு நேரும் இழப்பு வியாபாரியைச் சேரும் என்று பேசிக்கொள்ள இருவருக்கும் உரிமை உண்டு. அப்படிப் பேசினால் எழுத்தில் வையுங்கள்.

வியாபாரி வராவிட்டால்

ஒப்பந்தம் உருவான பிறகு வியாபாரி விலகினால், நட்டஈடு கேட்க 73-ஆம் பிரிவு வழி செய்கிறது. ஆனால் தாரைப் பழுக்கவிட்டு முழு விலையையும் கேட்க முடியாது. இழப்பைக் குறைக்கும் பொறுப்பு நமக்கும் உண்டு. அவர் வரமாட்டார் என்று தெரிந்ததும், ‘இன்ன தேதிக்குள் எடுக்காவிட்டால் வேறு இடத்தில் விற்று, குறையும் தொகையை உங்களிடம் கேட்பேன்’ என்று செய்தி அனுப்பிவிட்டு, கிடைக்கும் நல்ல விலைக்கு விற்று ரசீது வாங்குங்கள். உதாரணமாக 6 டன் தாரை கிலோ 25 ரூபாய்க்குப் பேசி, 18 ரூபாய்க்குத்தான் விற்க முடிந்தது என்றால், குறைவு 42,000 ரூபாய். கேட்கவேண்டிய தொகை அது. ஒப்பந்த மீறலுக்கு 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரவேண்டும்.

வழக்குச் செலவை எண்ணித் தயங்கவேண்டாம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு வட்டச் சட்டப் பணிகள் குழு மூலம் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

விதைக்கும் முன்பே நிறுவனத்துடன் விலை பேசிச் சாகுபடி செய்வோருக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று நாட்டிலேயே முதலில் தனிச் சட்டம் இயற்றியது தமிழ்நாடு. அது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். அதில் ஒப்பந்த நாளிலேயே விலையை முடிவு செய்யவும், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவும் ஏற்பாடு உண்டு. விவரங்களை வேளாண் விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம்.

எப்போது பேசத் தொடங்குவது?

இரகத்தையும் பருவத்தையும் பொறுத்து, குலை தள்ளியதில் இருந்து 90 முதல் 120 நாட்களில் தார் வெட்டுக்கு வரும். காய்களின் விளிம்புகள் மழுங்கி உருளத் தொடங்கிய பிறகு பேசத் தொடங்கினால், காத்திருக்க முடியாதவர் நீங்கள் என்பது வியாபாரிக்குத் தெரிந்துவிடும். குலை தள்ளிய தேதியை வரிசைவாரியாகக் குறித்து வைத்து, வெட்டுக்கு மூன்று வாரம் முன்பே பேச்சைத் தொடங்குங்கள். அப்போதுதான் கெடு வைக்கவும், ஒருவர் விலகினால் இன்னொருவரைத் தேடவும் அவகாசம் இருக்கும்.

கீழ்க்கண்ட செய்தியை உங்கள் விவரங்களுக்கேற்ப மாற்றி, போனில் சேமித்து வைத்துக்கொள்ளலாம்:

‘ஏத்தன் வாழை, சுமார் 300 தார். கிலோ 25 ரூபாய். என் வயலில் வெட்டி, என் முன்னிலையில் எடை. வெட்டுக்கூலியும் ஏற்றுக்கூலியும் உங்கள் பொறுப்பு. இந்த விலை வரும் வெள்ளிக்கிழமை மாலை 6 மணி வரை மட்டும். சம்மதம் என்றால் அதற்குள் இதே எண்ணுக்கு ‘சம்மதம்’ என்று எழுதி, 10,000 ரூபாய் முன்பணம் அனுப்பவும். இரண்டும் வந்தால்தான் பேச்சு முடிந்ததாகும். வெட்ட வேண்டிய கடைசி நாள் அடுத்த புதன்கிழமை.’

இதில் பொருள், அளவு, விலை, கெடு, ஏற்கும் முறை எல்லாம் இருக்கின்றன. தரகர் மூலம் பேசினாலும், பணம் தரவேண்டியவர் யாரோ அவருடைய எண்ணுக்கே இதை அனுப்புங்கள். உதவி வேளாண் அலுவலர்களும் உதவி தோட்டக்கலை அலுவலர்களும் உழவர் உற்பத்தியாளர் குழுக் கூட்டங்களில் அரை மணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொருவரும் தன் இரகம், அளவுக்கேற்ப இந்தச் செய்தியைத் தயாரித்துக்கொள்ள உதவலாம். அடுத்த வெட்டுக்கு வியாபாரி வரப்பில் வந்து நிற்கும்போது அது கையில் தயாராக இருக்கட்டும்.

(கட்டுரையாளர்: வேளாண் விஞ்ஞானி, உழவியல்)